ஒரே கம்பெனி, இரண்டு சர்வீஸ் சென்டர்: கவனிப்பில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தாமிரபரணி (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். டீலர் பெயரையோ கம்பெனி பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட இந்த இழையைத் தொடங்கவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பயிற்சி, ஒரே விலைப்பட்டியல் என்று சொல்கிறார்கள். பிறகு ஏன் ஊருக்கு ஊர் அனுபவம் இப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக். வாரன்டி இன்னும் ஓடுகிறது. முன்பக்கம் இடது சக்கரத்தில், மெதுவாகப் போகும்போது மட்டும் ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். உடைந்த தார், வேகத்தடை, தெருமுனைப் பள்ளம் என்றால் நிச்சயம் கேட்கும். வேகமாகப் போனால் கேட்காது.

சென்னையில் ஆப்பில் புக் செய்து 10,000 கி.மீ. சர்வீஸுக்கு விட்டேன். வரவேற்பு பிரமாதம். ஏசி அறை, காபி, வண்டியைச் சுற்றி டேப்லெட்டில் போட்டோ எல்லாம் எடுத்தார்கள். சத்தத்தைப் பற்றி இரண்டு முறை விளக்கினேன். குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் தலையாட்டினார். கைக்கு வந்த எஸ்டிமேட்டில் டெஃப்லான் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி சுத்தம் எல்லாம் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதும் சீட்டு) ‘பொதுப் பரிசோதனை’ என்று ஒரு வரி. மாலையில் வண்டியை எடுக்கப் போனால், “ஓட்டிப் பார்த்தோம் சார், எந்தச் சத்தமும் இல்லை” என்றார்கள். கேட்டை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் அதே டொக் டொக்.

ஊருக்குப் போனபோது தென்காசிப் பக்கம் அதே கம்பெனியின் சிறிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். உட்கார ஒரு பெஞ்சுதான். ஆனால் ஃபோர்மேன் தானே சாவியை வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பெரிய ரோட்டுக்குப் போகாமல் கரடுமுரடான ஒரு சந்துக்குள் வண்டியை விட்டார். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நடக்கும் வேகத்தில் ஓட்டினார். “ஸ்டெபிலைசர் லிங்க் மாதிரி இருக்கு, ஏத்திப் பார்த்துடுவோம்” என்றார். லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷனில் இருக்கும் சிறிய இணைப்புக் கம்பியான அந்த லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். இடது பக்கம் ஆடியது, வலது பக்கம் ஆடவில்லை. திருநெல்வேலியிலிருந்து பாகம் வந்ததும் வாரன்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் போய்விட்டது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா? அல்லது தெரிந்துகொள்ள நேரம் இல்லையா?

---

கொங்குவண்டி (கோவை)

எனக்கு நேர் எதிர் அனுபவம் சார். சின்ன ஊர் என்றால் நல்ல கவனிப்பு, பெரிய ஊர் என்றால் மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

என் வண்டியில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சொந்த ஊர்ப் பக்கம் இருந்த கிளையில் காட்டினேன். மிகவும் மரியாதையான மனிதர்கள், ஆனால் ஸ்கேனரில் காட்டும் குறைக் குறியீட்டை (எர்ரர் கோட்) அழித்து அழித்துக் கொடுத்தார்களே தவிர காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. விளக்கு மறுபடியும் மறுபடியும் வந்தது. கடைசியில் அவினாசி ரோட்டில் ஒரு பெரிய டீலரிடம் விட்டேன். அங்கே எலெக்ட்ரிக்கல் வேலைக்கென்றே தனியாக ஒருவர். ஒயரிங் வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு கனெக்டராகப் பார்த்து வந்தார். ஒரு ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போகும் ஒயர் உரசி தேய்ந்திருந்தது. சென்சார் நன்றாகவே இருந்தது. புது சென்சாரை என் தலையில் கட்டாமல், ஒயரைச் சரிசெய்து, மறுபடி உரசாதபடி உறை போட்டுக் கொடுத்தார்.

எனவே ஊர் அளவு காரணம் இல்லை. உள்ளே யார் இருக்கிறார் என்பதுதான்.

---

பில்படிப்பவன் (சேலம்)

இழையைப் பின்தொடர்கிறேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான்.

---

பழைய அட்வைசர் (சென்னை)

நான் இந்த வேலையில் பல வருஷம் இருந்தவன். இப்போது வேறு தொழில். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சர்வீஸ் அட்வைசர் மெக்கானிக் இல்லை. வாடிக்கையாளர் அவரிடம் சொல்கிறார். அவர் ஜாப் கார்டில் எழுதுகிறார். அது ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் போகிறது. அவர் ஒரு டெக்னீஷியனுக்கு ஒதுக்குகிறார். அந்த டெக்னீஷியன் உங்களைப் பார்த்ததே இல்லை. ‘மெதுவாகப் போகும்போது, இடது முன்பக்கம், பள்ளத்தில்’ என்று நீங்கள் சொன்ன மூன்று தகவலும் முதல் கையிலேயே நின்றுவிட்டால், கடைசியில் டெக்னீஷியனுக்குப் போவது ‘சத்தம் வருகிறதாம்’ என்பது மட்டும்தான். அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் இருக்கும் நல்ல ரோட்டில் ஒரு சுற்று ஓட்டுவார். சத்தம் வராது. அவரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது, நேரத்துக்கான கூலி. கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. லிங்க்கை மாற்ற இவ்வளவு, பிரேக் பேடை மாற்ற இவ்வளவு என்று. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும் நேரத்துக்கு யாரும் ஒழுங்காகக் காசு தருவதில்லை. தேடுவதற்கு அரை நாள் ஆகலாம், மாற்றுவதற்குச் சில நிமிஷம். இன்சென்டிவ் முடித்த வண்டிகளின் கணக்கில் வருகிறது என்றால், தேடல் வேலை யார் கைக்கும் வேண்டாத வேலை ஆகிவிடும்.

மூன்றாவது, வாரன்டி. வாரன்டியில் ஒரு பாகம் போட்டால் டீலர் முதலில் தன் கணக்கில் போடுகிறார், பிறகு கம்பெனியிடம் கிளெய்ம் செய்கிறார். கழற்றிய பழைய பாகத்தில் சீட்டு கட்டிப் பாதுகாத்து வைக்க வேண்டும். கம்பெனி ஆள் வந்து பார்ப்பார், அல்லது அனுப்பச் சொல்வார். காரணம் சரியில்லை என்று தள்ளிவிட்டால் நஷ்டம் டீலருக்கு. கைப்பணம் கொடுக்கும் வேலையைவிட வாரன்டி வேலைக்குக் கிடைக்கும் கூலியும் பெரும்பாலும் குறைவு. இதனால் சில டீலர்கள் வாரன்டி என்றாலே பின்வாங்குவார்கள். சிலர் மட்டும் போட்டோ, வீடியோ, அளவு எல்லாம் சேர்த்துச் சரியாக எழுதி அனுப்புவார்கள். அவர்களுக்குக் கிளெய்ம் தள்ளுபடி ஆவது அபூர்வம், அதனால் பயமும் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசத்தில் பாதி இந்த எழுத்து வேலையில் இருக்கிறது.

நான்காவதுதான் பெரியது. புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெலிது. வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாவற்றையும் தாங்குவது ஒர்க்‌ஷாப். அந்த பாரம் அட்வைசர் மேல் டார்கெட்டாக இறங்குகிறது. டெஃப்லான் கோட்டிங், அடிப்பாக கோட்டிங், ஏசி சுத்தம், எலி விரட்டி ஸ்பிரே என்று ஒரு பட்டியல். இத்தனை வண்டிக்கு இவ்வளவு ரூபாய் வர வேண்டும் என்று கணக்கு. காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் எண்ணை வாசிப்பார்கள். “நேற்று எத்தனை குறையைக் கண்டுபிடித்தாய்” என்று யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்கிறோமோ அதுதான் வளரும்.

தென்காசி சென்டரில் ஃபோர்மேனே வந்து ஓட்டிப் பார்த்தார் என்றால், அங்கே இந்தச் சங்கிலி இல்லை. கேட்டவரே செய்தவர். கோவையில் மல்டிமீட்டர் வைத்தவருக்கு யாரோ தேடும் நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் முதலாளியின் முடிவு.

---

மலைக்கோட்டை (திருச்சி)

அட்வைசர் சார் எழுதியதைப் படித்ததும் பல விஷயம் விளங்கியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சில வித்தியாசம் டார்கெட்டால் வருவதில்லை, ஆளைப் பார்த்து வருகிறது.

வண்டி என் பெயரில். ஓட்டுவது நான். என் கணவர் ஓட்டுவதே இல்லை. பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அட்வைசர் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். மதியம் கூடுதல் வேலைக்குச் சம்மதம் கேட்டு அவருக்குத்தான் போன் போயிருக்கிறது. ஜாப் கார்டில் என் நம்பர் இருக்கிறது! அவர் என்னவென்று தெரியாமல் “சரி” என்று சொல்லிவிட்டார். பில்லில் பேட், டிஸ்க் எல்லாம் ஏறிவிட்டன. பழைய டிஸ்க்கைக் காட்டுங்கள் என்றேன், “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு மேடம்” என்று மழுப்பினார்கள்.

அடுத்த தடவை வேறு டீலர். அங்கே அட்வைசர் ஒரு பெண். பின் சக்கர வேலைக்காகக் கூப்பிட்டு, பழைய பேடையும் புதுப் பேடையும் பக்கத்தில் வைத்து, தேய்ந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அளவுகோல் வைத்துக் காட்டினார். “டிஸ்க் இப்போ வேண்டாம் மேடம், குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே அச்சடிச்சிருக்கும், அதுக்கு இன்னும் தூரம் இருக்கு” என்றார். டிஸ்க்கின் ஓரத்தில் அந்த எண் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இப்போது என் தோழிகள் எல்லோரும் அவரிடம்தான் விடுகிறார்கள்.

---

பழைய அட்வைசர்

மேடம், கழற்றிய பாகத்தைக் கேட்பது உங்கள் உரிமை. காசு கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது. வாரன்டியில் மாற்றினால்தான் பழையது கம்பெனிக்குப் போகும், அப்போதும் பார்க்கக் கேட்கலாம். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘பழைய பாகங்களை வாடிக்கையாளரிடம் தரவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் டெக்னீஷியனே எடுத்து டிக்கியில் வைத்துவிடுவார்.

கூடுதல் வேலைக்கு ‘இந்த நம்பருக்கு மட்டும், எழுத்தில் மட்டும் சம்மதம்’ என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். வாட்ஸப்பில் எஸ்டிமேட் வரட்டும்.

---

பில்படிப்பவன் (சேலம்)

பில்லை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் எழுதுகிறேன். நான் ஆடிட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், கை தானாகவே அங்கே போய்விடும்.

இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை, அதனால்தான் முதல் பில்லிலேயே சண்டை வருகிறது.

இன்ஜின் ஆயிலின் அளவைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு ஃபில்டரோடு எத்தனை லிட்டர் என்று கையேட்டில் எழுதியிருக்கும். பில்லில் அதைவிட அதிகம் இருந்தால் கேளுங்கள். தரமும் முக்கியம்: 0டபிள்யூ-20 என்ற வகை ஆயிலைக் கேட்கும் இன்ஜினுக்குப் பேரலில் எது இருக்கிறதோ அதை ஊற்றக்கூடாது.

‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரு மொத்தத் தொகை போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் பிரேக் கிளீனர், கிரீஸ் என்று விவரமாக இருக்கும்.

வரியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28. கூலிக்கு முன்பும் 18தான். பழைய பில்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாகத்தின் அடிப்படை விலை ஏறியிருக்கிறதா என்று தெரியும்.

அப்புறம், கையேட்டின் பின்பக்கம் பராமரிப்பு அட்டவணை இருக்கும். எத்தனை கி.மீ.யில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று கட்டம் கட்டமாக. இன்ஜின் ஃப்ளஷ் அந்த அட்டவணையில் இருக்கிறதா? ஏசி கிருமிநீக்கம்? இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போனால் அட்வைசரின் பேச்சே மாறும், இதை நான் பார்த்திருக்கிறேன்.

---

வைகைக்கரை கராஜ் (மதுரை)

நான் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். என் தொழிலுக்கு ஆதாயமாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

‘வெளியே விட்டால் வாரன்டி போய்விடும்’ என்று மிரட்டியே பலரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது நினைவிருக்கிறதா? உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்ததற்காக மட்டும் வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் சேதம் ஏற்பட்டால் அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது.

அதற்காக, வாரன்டி காலத்தில் என்னிடம் வாருங்கள் என்று நான் யாரையும் அழைப்பதில்லை. ஏர்பேக், ஸ்டீரிங் மோட்டார், ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வேலை இதெல்லாம் கம்பெனி இடத்தில்தான் முடியும். எனக்கு அந்த மென்பொருள் கிடையாது. வாரன்டி முடிந்த பிறகு ஆயில், பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் வேலைக்கு நம்பிக்கையான வெளி மெக்கானிக் போதும். சென்னை ஜி.பி. ரோட்டில் கம்பெனி பாகமே கிடைக்கிறது, பில்லோடு.

டீலரிடம் கிடைக்காத ஒன்று என்னிடம் கிடைக்கும். வண்டிக்கு அடியில் நான் படுத்திருக்கும்போது ஓனர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெரிய இடங்களில் ‘பாதுகாப்பு காரணம்’ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். காப்பீடு, விபத்து பயம் எல்லாம் நியாயம்தான். ஆனால் ஐந்து நிமிஷம், ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்து உள்ளே அழைத்துக் காட்டினால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

---

நுகர்வோர் பக்கம் (வேலூர்)

கராஜ் அண்ணன் சொன்ன 2014 உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது, அதையும் சேர்த்துப் படியுங்கள். நடைமுறையில் உங்கள் வாரன்டி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் டீலர் பேசுவார். குறித்த கி.மீ.யில் குறித்த சர்வீஸைத் தவறவிட்டால் கிளெய்ம் நேரத்தில் வாதம் வரும். எனவே வாரன்டி முடியும் வரை அட்டவணை சர்வீஸை உள்ளேயே செய்துகொள்வது நிம்மதி.

தகராறு வந்தால் என்ன வழி என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஒர்க்ஸ் மேனேஜர். அட்வைசரிடம் குரலை உயர்த்துவதில் பயன் இல்லை, முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் எண். அங்கே புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்தப் புகார் கம்பெனியின் வட்டார சர்வீஸ் மேனேஜருக்குப் போகும். டீலர் கையை விரித்த வாரன்டி கிளெய்மில் கம்பெனி சார்பில் முடிவெடுக்கக்கூடியவர் அவர்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

ஆணையத்தில் நிற்கப்போவது காகிதம்தான். ஜாப் கார்டு நகல், எஸ்டிமேட், பில், வாட்ஸப் உரையாடல். சத்தத்தை வாயால் சொன்னேன் என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

---

கொங்குவண்டி

எனக்கு ஒரு சந்தேகம் அட்வைசர் சார். சாவி கொடுக்கும்போதே “கம்பெனியிலிருந்து கால் வரும், பத்துக்குப் பத்து போடுங்க சார்” என்று கெஞ்சுகிறார்களே, அது எதற்கு? நல்லவர்களும் கேட்கிறார்கள், மோசமானவர்களும் கேட்கிறார்கள்.

---

பழைய அட்வைசர்

அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் டீலருக்குக் கம்பெனி தரும் ஊக்கத்தொகை ஏறும் இறங்கும். எட்டு போட்டால் நல்ல மார்க் என்று நீங்கள் நினைப்பீர்கள். பல இடங்களில் அது ‘திருப்தி இல்லாத வாடிக்கையாளர்’ கணக்கில் சேரும். அட்வைசருக்கு அன்றைக்கே விளக்கம் கேட்டு அழைப்பு வரும், இன்சென்டிவ் வெட்டும் உண்டு. வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டுதான் அவர் கெஞ்சுகிறார்.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எல்லோரும் பத்து போட்டால், ஆட்டிப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்த ஃபோர்மேனுக்கும் பத்து, ‘சத்தம் இல்லை’ என்று அனுப்பியவருக்கும் பத்து. கம்பெனியின் பார்வையில் இரண்டு சென்டரும் ஒன்று. நல்லவருக்கு என்ன லாபம்? அதனால் கெஞ்சினாலும் உண்மையான மார்க்கைப் போடுங்கள், கூடவே காரணத்தைச் சொல்லுங்கள். ‘அட்வைசர் நல்லவர், குறை தீரவில்லை, ஓட்டிப் பார்க்க டெக்னீஷியன் வரவில்லை’ என்று பிரித்துச் சொன்னால் தண்டனை சரியான இடத்துக்குப் போகும். நன்றாகச் செய்தவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். அந்த வரிகளைக் கம்பெனியில் படிக்கிறார்கள்.

---

பள்ளிக்கரணை (சென்னை)

வெள்ள நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. டீலரின் உண்மையான முகம் அப்போதுதான் தெரியும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். என் வண்டியும் பக்கத்து வீட்டு வண்டியும் இருக்கை வரை மூழ்கின. ஒரே கம்பெனி வண்டிகள், வேறு வேறு டீலர்கள். எனக்குத் தெரிந்த அட்வைசருக்குப் போன் கிடைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, சாவியைக்கூடப் போடாதீங்க, பேட்டரி வயரைக் கழற்றிடுங்க.” சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும், அதற்குத் தனி இன்ஜின் பாதுகாப்புக் காப்பீடு இல்லாவிட்டால் பணம் கிடைக்காது என்று விளக்கினார். அவர்கள் யார்டில் வண்டிகள் அடுக்கி நின்றன. ஆனாலும் எந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது, காப்பீட்டு சர்வேயர் எப்போது வருகிறார் என்று வாட்ஸப்பில் தகவல் வந்துகொண்டே இருந்தது. தாமதம் ஆனது, கோபம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வாரக்கணக்கில் ஒரு போன்கூட வரவில்லை. நேரில் போனால் ‘பார்க்கிங் கட்டணம்’ என்று ஒரு சீட்டை நீட்டியிருக்கிறார்கள். வண்டிக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. இருவருக்கும் ஒரே மழை, ஒரே நெரிசல்.

---

மறைமலை (செங்கல்பட்டு)

ஃபோர்டு வைத்திருப்பவன் நான். இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், மறைமலை நகரில் 2022இல் கடைசி வண்டி வெளியே வந்தது. இனி சர்வீஸுக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்டர்கள் குறைந்தது உண்மை, சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதும் உண்மை. ஆனால் நான் விடும் இடத்தில் பழைய டெக்னீஷியன்கள் அப்படியே இருக்கிறார்கள். என் டீசல் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று விசாரிக்கிறார்கள். விற்க வேண்டிய புது வண்டி இல்லாததால் தேவையில்லாத எதையும் தள்ளுவதும் குறைந்துவிட்டது. உள்ளே யார் இருக்கிறார் என்பதுதான் என்று கொங்குவண்டி சொன்னது சரிதான். ஆள் மாறாமல் இருந்தால் வேலையும் தரமாக இருக்கிறது.

---

வைகைக்கரை கராஜ்

ஆள் மாறுவதைப் பற்றி ஒன்று. ஐடிஐ முடித்த பையன்கள் டீலரிடம் சேருகிறார்கள், கொஞ்சம் கை பழகியதும் வெளிநாட்டுக்கோ தனி ஒர்க்‌ஷாப்புக்கோ போய்விடுகிறார்கள். என்னிடம் இருக்கும் இரண்டு பேரும் அப்படி வந்தவர்கள்தான். அங்கே சம்பளம் போதவில்லை என்கிறார்கள். வெயிட்டிங் ஹாலில் போடும் சோபா காசில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டார்கள்.

---

மலைக்கோட்டை

எப்போது விட்டால் நல்ல கவனிப்பு கிடைக்கும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா சார்?

---

பழைய அட்வைசர்

இருக்கிறது மேடம். சனிக்கிழமையும் திங்கள் காலையும் வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. மாசக் கடைசி வாரத்தில் டார்கெட் நெருக்கும், கூடுதல் வேலையைத் தள்ளப் பார்ப்பார்கள். முதல் இரண்டு வாரம் நிதானமாக இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் பொங்கலுக்கு முந்தைய வாரமும் கழுவவே ஆள் போதாது, குறை தேடும் வேலைக்கு அப்போது போகாதீர்கள்.

இன்னொன்று: அட்டவணை சர்வீஸையும் குறை தேடும் வேலையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். சர்வீஸ் வண்டிகள் மாலைக்குள் வெளியே போக வேண்டும் என்று ஓட்டமாக நடக்கும். ‘சத்தத்துக்காக மட்டும்’ என்று தனியாக புக் செய்து, டெக்னீஷியனோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியை விடுவேன் என்று சொல்லுங்கள். மறுக்கிற இடத்தில் விட வேண்டாம், எந்தக் கிளையில் வேண்டுமானாலும் விட உங்களுக்கு உரிமை உண்டு. வாங்கிய டீலரிடமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை.

---

தாமிரபரணி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியாக ஒரு கேள்வி. என் தங்கையின் வண்டிக்கு வாரன்டி முடியப் போகிறது. ஸ்டீரிங்கில் எப்போதாவது ஒரு ‘கிளிக்’ வருகிறது, எப்போதும் இல்லை. டீலர் “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்” என்கிறார். அடுத்த சர்வீஸ் வருவதற்குள் வாரன்டி முடிந்துவிடும். காத்திருக்கலாமா? நீட்டிப்பு வாரன்டி எடுக்கலாமா?

---

நுகர்வோர் பக்கம்

காத்திருக்கவே கூடாது. வாரன்டி இருக்கும்போதே அந்தக் குறைக்கென்று ஒரு ஜாப் கார்டு திறக்கச் சொல்லுங்கள். ‘ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது விட்டுவிட்டு கிளிக் சத்தம்’ என்று, தேதியும் கி.மீ.யும் போட்டு. அவர்கள் ‘சத்தம் இல்லை’ என்றே எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை, நகலை வாங்கி வையுங்கள். குறை வாரன்டி காலத்திலேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. சத்தம் வரும்போது தங்கச்சியைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள், மீட்டரில் கி.மீ. தெரிகிற மாதிரி.

வாரன்டி தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். உதாரணத்துக்கு மாருதி 2024 ஜூலையில் அடிப்படை வாரன்டியை 2 வருஷம் அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. எந்தத் தேதியில் வாங்கிய வண்டிக்கு எது பொருந்தும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் ரீகால் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். ரீகால் என்றால் வேலை இலவசம்.

---

பழைய அட்வைசர்

நீட்டிப்பு வாரன்டியை அடிப்படை வாரன்டி முடிவதற்குள் எடுத்தால் விலை குறைவு, பரிசோதனைத் தொந்தரவும் இல்லை. ஆனால் எடுப்பதற்கு முன் ‘எதெல்லாம் சேராது’ என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புஷ், ரப்பர், பிரேக் பேட், கிளட்ச் தட்டு பெரும்பாலும் சேராது. ஸ்டீரிங் மோட்டாரும் கன்ட்ரோல் யூனிட்டும் சேருமா என்று குறிப்பாகக் கேளுங்கள், அந்தப் பதிலை மெயிலில் வாங்குங்கள்.

தங்கச்சி ஊர் எது? சொன்னால், அந்தப் பக்கம் சஸ்பென்ஷன், ஸ்டீரிங் வேலை நன்றாகத் தெரிந்த ஃபோர்மேன் யாராவது இருக்கிறாரா என்று பழைய நண்பர்களிடம் விசாரித்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.